பாட்டில் பெயர் வரும் இடம்

திருச்சிராப்பள்ளி ஜங்ஷனில் காலை ஆறேகாலுக்குக் கிளம்ப வேண்டிய வண்டி வியாழக்கிழமையன்று ஏழு மணிக்குக் கிளம்பியது. என்னை அழைத்த கோயமுத்தூர்க்காரர்கள் இரண்டாம் வகுப்பில் வரும்படி எழுதியிருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் ஏறினால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வெற்றிலைச் சாற்றை ஜன்னலுக்கு வெளியே துப்பினால்கூட எதிரே இருக்கிறவர் பத்திரிகைக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். ஆகவே இரண்டு ரூபாய் ஆறணா கொடுத்து மூன்றாம் வகுப்பிலேயே ஏறிக்கொண்டேன். ஏறக்குறைய நூற்றைம்பது மைல். கொடுமுடி தாண்டும் வரைக்கும் காவிரி விட்டு விட்டு வலது பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. ஈரோட்டுக்குப் பிறகு புழுதிதான் துணை.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாடகக் கம்பெனிகளில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். பாட்டுக் கட்டுவது, பையன்களுக்குப் பாடம் சொல்வது, ஆர்மோனியம் போடுவது எல்லாம் என் தலையில்தான். நானூறு பாட்டாவது கட்டியிருப்பேன். அதில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பாட்டு யாருக்கும் நினைவில்லை. மிச்சம் ஒன்று, மகனைப் பறிகொடுத்த ராணி மேடையில் தனியாக நின்று பாடுகிற பாட்டு. அதைக் கேட்டு அழாத ஊர் இந்தச் சீமையில் கிடையாது. கிராமபோன் பிளேட்டாகவும் வந்துவிட்டது. அந்த ஒரு பாட்டினால்தான் என்னைத் 'தனிப்பாட்டு வாத்தியார்' என்கிறார்கள்.

கோயமுத்தூரில் ஒரு சங்கீத சபையார் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு மெடல் கொடுப்பதாகவும், அதற்கு முன்னால் 'தனிப்பாட்டு: அதன் பொருளும் பிறப்பும்' என்று நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமென்றும் ஏற்பாடு. பொருளைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும். பிறப்பைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு கதை வைத்திருந்தேன். சமயபுரத்தாள் கனவில் வந்து முதலடியைக் கொடுத்தாள் என்பது அந்தக் கதை. பதினெட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி நானே பாதி நம்பிவிட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கோயமுத்தூர். ஸ்டேஷனில் சபைக் காரியதரிசி சின்னப்பக் கவுண்டர் காத்திருந்தார். வக்கீல்; சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் தோட்டமும் உண்டு. "வாங்க, வாங்க. வண்டி லேட்டுங்களா? பசியோட இருப்பீங்க. ஊட்டுல எல்லாம் ரெடியா இருக்குதுங்க" என்று ஒரு மூச்சில் எத்தனை 'ங்க' போட முடியுமோ அத்தனையும் போட்டார். இந்த ஊர்க்காரர்களின் மரியாதையை அன்று சாயங்காலம் வரைக்கும் வியந்துகொண்டே இருந்தேன். ஜட்காக்காரனிடம் சண்டை போட்ட ஒருவர்கூட, "ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?" என்றுதான் கேட்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு இவ்வளவு எழுத்துச் செலவழிக்க மாட்டோம். ஊரைப் பற்றிச் சொல்வதானால், எந்தத் திசையில் பார்த்தாலும் மில் புகைபோக்கி. குழாயில் வருகிற சிறுவாணித் தண்ணீர் மட்டும் உண்மையாகவே தித்திப்பாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் துடியலூருக்குப் போனோம். ஆறு மைல், ஜட்காவுக்கு எட்டணா. அங்கே ஒரு மில் இஞ்சினீயர் துரையின் பங்களா இருக்கிறது. துரை இங்கிலீஷ்காரர், துரைசானி இத்தாலிக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஊர் நாடக மேடையில் பாடினவளாம். இப்போது பருத்திப் பஞ்சுக்கு நடுவில் இரண்டு நாய்களுக்குப் பாடிக்கொண்டிருக்கிறாள். என் பிரசங்கத்துக்கு உதவும் என்று கவுண்டர் அழைத்துப் போனார். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆகையால் அவள் சொல்வதைக் கவுண்டர் சொன்னார்.

முதலில் ஒரு பிளேட்டு வைத்தாள். ஒரு பெண் குரல். தொண்டையைத் திறந்து ஆகாசத்தை முட்டுகிற மாதிரி பாடினாள். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அவுங்க நாடகத்துல பேச்சும் ராகத்துலதானுங்களாம்" என்றார் கவுண்டர். "நம்ம நாடகத்துல விருத்தம் பாடறாப்பல. யாரு வந்தாங்க, யாரு போனாங்க, அதெல்லாம் அதுல சொல்லீருவாங்களாம். அப்பறம் கதை நின்னுபோகுமாம். ஒருத்தரு மட்டும் முன்னால வந்து நின்னு மனசுல இருக்கறதப் பாடுவாங்களாம்."

அந்தத் தனிப்பாட்டுக்கு 'ஆரியா' என்று பெயர். அவர்கள் பாஷையில் காற்று என்று அர்த்தமாம். அப்படி நிற்கிறவர் பாடி முடிக்கிற வரைக்கும் சத்துரு ஓங்கிய கத்தியோடு காத்திருக்க வேண்டும். நம் மேடையிலும் அதே கூத்துத்தான். பாட்டுக்கு மூன்று பாகம். மூன்றாவது பாகம் முதல் பாகமேதான், ஆனால் திரும்பி வரும்போது பாடுகிறவர் தன் சரக்கையெல்லாம் அதில் கொட்டலாம். ஜனங்கள் அதற்குக் கைதட்டக் கைதட்டப் பாட்டுக்காரர்கள் பெரியவர்களாகிக் கதை சின்னதாகிவிட்டதாம். எங்கள் கம்பெனிகளை நேரில் பார்த்தவள் போலச் சொன்னாள். ராணி வேஷம் போட்ட ஸ்திரீபார்ட் பையனிடம் ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்க, செத்துக்கிடக்கிற மகனை அவன் மூன்று தடவை மடியில் எடுத்த ராத்திரிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். பழங்காலத்து நாடகமெல்லாம் பாட்டாகவே இருந்தது என்று நினைத்துச் சில பெரிய மனுஷர்கள் ஆரம்பித்தார்களாம். அந்த ஆரம்ப காலத்து நாடகம் ஒன்று முழுக்கத் தொலைந்துபோயிற்று. வசனம் மட்டும் ஏட்டில் இருக்கிறது, சங்கீதம் போய்விட்டது. அதில் ஒரே ஒரு பாட்டின் சங்கீதம் மட்டும் பிழைத்திருக்கிறது. புருஷன் கைவிட்டுப் போன ஒருத்தி தனியாக நின்று புலம்புகிற பாட்டு அது.

"ஒப்பாரி" என்றேன்.

கவுண்டர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. துரைசானி பலமாகத் தலையை ஆட்டினாள். அதைக் கட்டியவருக்கு முந்தின வருஷந்தான் மனைவி செத்திருந்தாள் என்று சொன்னாள். அதனால்தான் அது நிற்கிறது, மற்றதெல்லாம் போய்விட்டது என்பது அவளுடைய கட்சி. பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள்.

"உங்க பாட்டு யாருக்காகக் கட்டுனதுன்னு கேக்கறாங்க" என்றார் கவுண்டர்.

சமயபுரத்தாள் கனவை எடுத்து விட்டேன். கவுண்டர் கைகூப்பிக்கொண்டு மொழிபெயர்த்தார். துரைசானி என்னைப் பார்த்துவிட்டு நாய்க்குப் பிஸ்கோத்துப் போட எழுந்து போனாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆகையால் இங்கே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனி சத்தியமங்கலத்தில் கொட்டகை போட்டு இரண்டு மாதம் நாடகம் நடத்தியது. புது நாடகத்தில் ராணி புலம்பும் கட்டம் தினமும் படுத்துப்போயிற்று. ஜனங்கள் சோடா குடிக்க எழுந்து போனார்கள். முதலாளி, "வாத்தியாரே, சனிக்கிழமைக்குள் வேறு பாட்டு வரவில்லையென்றால் வேறு வாத்தியார் வருவார்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் வாய்க்கால் மேட்டில் நடந்துபோனபோது கீழே சேரியில் ஒருத்தி குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அழுவது கேட்டது. காய்ச்சலில் மூன்றே நாளில் போன குழந்தை என்று வழியில் போனவன் சொன்னான். புளியமரத்தடியில் நின்றேன். நோட்டுப் புஸ்தகமும் பென்சிலும் எப்போதும் மடியில் இருக்கும். ஒரு மணி நேரம் நின்று சொல்லையும் ஸ்வரத்தையும் எழுதிக்கொண்டேன்.

'தண்ணிக்குப் போறேன்னு தாழி எடுத்தேன், நீ கூட வாரேன்னு கொடம் எடுத்தே' என்று அவள் பாடினாள். ஒவ்வோர் அடியின் முடிவிலும் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதை நான், 'கங்கைநீர் கொணரவே கலசம் எடுத்தேன், சந்திரசேனா, கூட வருவேன் என்றாயே' என்று மாற்றினேன். குழந்தை பெண். ராஜ்யத்துக்கு வாரிசு செத்தால்தான் ஜனங்கள் அழுவார்கள் என்று ஆணாக்கினேன். ராகத்தைத் தொடவில்லை. சனிக்கிழமை கொட்டகையில் ஒருவரும் சோடாவுக்கு எழுந்திருக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டதால், வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கத்தான் நான் சத்தியமங்கலத்துக்குப் போனேன் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். ஒரு டாக்கிப் படக் கம்பெனிக்காரர் ஆறு மாதமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார், அதே மாதிரி இன்னொரு பாட்டு வேண்டுமாம். அதே மாதிரி எனக்கு வரவில்லை. பதினெட்டு வருஷமாக வரவில்லை. அவள் உயிரோடு இருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்றுதான் போனேன். இந்தப் பாட்டும் இல்லாவிட்டால் நான் வெறும் ஆர்மோனியப் பெட்டிதான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குச் சத்தியமங்கலம் பஸ். நாற்பத்து மூன்று மைல், பன்னிரண்டு அணா. கவுண்டரின் காருக்கு டயர் போய்விட்டதால் அவரும் பஸ்ஸில் வந்தார். டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கும் இடம். பழைய கிராமத்து நாடகங்களில் பாடும் பெண்கள் யாராவது உங்கள் தோட்டத்துப் பக்கம் உண்டா என்று கேட்டிருந்தேன். "பாடறவளுக இல்லீங்க. அழுவறவ ஒருத்தி இருக்கா. மாரக்காள்னு. எங்க பக்கம் எழவுன்னா அவதான் வந்து அழுவோணும்" என்றார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், வாய்க்கால் மேட்டுக்குக் கீழே உள்ள சேரிதான் என்றதும் எனக்கு உள்ளே ஒரு துள்ளல்.

கோவில்பாளையம் தாண்டியதும் டிரைவர் வாய்க்குள்ளே ஏதோ முனகினார். என் பாட்டு. கவுண்டர் விடுவாரா? "ஏனுங்க, அந்தப் பாட்டக் கட்டுனவீங்களே இவிங்கதானுங்க" என்றார்.

டிரைவர் ரோட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எதிரே பருத்தி வண்டி வந்துகொண்டிருந்தது.

"அட சாமி! நெசமாங்களா? எங்கூட்டுல அந்தப் பிளேட்டு தேஞ்சே போச்சுதுங்க. அந்தச் 'சந்திரசேனா'ன்னு பேரு வார எடம் இருக்குதுங்களே, அதுல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருமுங்க."

"ரோட்டைப் பாருங்கள்" என்றேன். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்னூரில் அவரே எங்களுக்குக் காபி வாங்கிக்கொடுத்தார். புளியம்பட்டியில் அரை மணி நின்றது. பத்து மணிக்குச் சத்தியமங்கலம். வடக்கே மலை நீலமாக எழும்பி நிற்க, கீழே பவானி தை மாதத்துக்குத் தகுந்தபடி ஒடுங்கி ஓடியது. அங்கிருந்து தோட்டத்துக்கு மாட்டு வண்டியில் இரண்டு மைல்.

தோட்டத்தில் மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் வெட்டித் தள்ள, பெண்கள் குந்தி உட்கார்ந்து கிழங்கை உடைத்து மண்ணை உதறினார்கள். கவுண்டர் களத்து மேட்டில் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். "ஏ மாரக்கா, இங்க வா" என்று கூப்பிட்டார்.

ஸ்டேஷனிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும் அந்த மனுஷர் யாரையும் 'ங்க' இல்லாமல் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. இப்போதுதான் முதல் தடவை கேட்டேன். கூப்பிட்ட மறு நிமிஷம் ஒருத்தி எழுந்து வந்து பத்தடி தள்ளி நின்றாள். தலைத் துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். முழங்கை வரைக்கும் மஞ்சள்.

"ஏனுங்க சாமி?"

"இவிங்க பெரிய பாட்டு வாத்தியாரு. நீ அழுவற பாட்டுல ஒண்ணு பாடிக் காட்டு."

"இப்பங்களா?"

"இப்பத்தான்."

அவள் களத்தைச் சுற்றிப் பார்த்தாள். "எழவு எங்கீங்க சாமி?"

"எழவெல்லாம் இல்ல. சும்மா பாடு."

"எழவு இல்லாத எடத்துல பாடுனா எழவு வந்துபோடுமுங்க. மாடு கன்னு நிக்குதுங்க. உங்க புள்ளைக வந்து போற களமுங்க. எனக்கு வாய் வராதுங்க சாமி."

கவுண்டர் பி.ஏ., பி.எல். ஆனாலும் நாற்காலியில் ஒரு நெளி நெளிந்தார். என் பக்கம் குனிந்து, "அது ஒரு மாதிரிங்க. வாய்க்கா மேட்டுக்குப் போயிரலாமுங்க. அது பொறம்போக்கு" என்றார். இழவைப் புறம்போக்கில் இறக்கிவிட்டுத் தோட்டத்தைக் காப்பாற்றிக்கொள்கிற சட்ட ஞானம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. எழுந்து போனோம். அதே புளியமரம். பாதிக் கிளை வெட்டப்பட்டிருந்தது. நான் நின்ற அதே வேரின்மேல் போய் நின்றேன்.

மாரக்காள் அங்கேயும் பத்தடி தள்ளித்தான் நின்றாள். "யாருக்குங்க சாமி? பேரு வேணுமுங்க" என்றாள்.

"பேர் எதற்கு?" என்று நான் கேட்டேன்.

"பேரச் சொல்லிக் கூப்பிடத்தானுங்க அழுகறது. பேரில்லாம வெறுவாயில எப்பிடிங்க அழுவறது? பெரிய சாமியோட ஆத்தா போனப்போ, அவங்க பேரச் சொல்லித்தானுங்க அழுதேன். உசுரோட இருக்கறப்ப அந்தப் பேர நாங்க வாயில சொல்ல முடியுங்களா?"

கவுண்டர் வேறு பக்கம் பார்த்தார். அவருடைய அம்மாவின் சாவுக்கு இவள் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று பாதி நாள் அழுததைப் பஸ்ஸில் அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

இந்த இடத்தில் நான் செய்த காரியம் மடத்தனம். ஆனால் பாட்டு எனக்கு வேண்டியிருந்தது, அவசரமாக வேண்டியிருந்தது. "புதிதாக ஒன்றும் வேண்டாம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இங்கேதான் ஒரு நாள் அழுதாயே, அதில் மிச்ச அடிகள் ஞாபகம் இருந்தால் சொல்லு. நான் கொஞ்சம்தான் எழுதினேன்" என்றேன். சொன்னதோடு நிற்காமல் முதலடியை ராகத்தோடு முனகியும் காட்டினேன்.

அவள் அதுவரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள்.

"நீங்கதானுங்களா?" என்றாள்.

கவுண்டருக்கு விஷயம் புரியவில்லை. "பின்ன? பிளேட்டுல வார அந்தப் பாட்டு இவிங்க கட்டுனது தெரியுமா?" என்று எனக்காகப் பெருமை பேசினார்.

"தெரியுமுங்க சாமி. பண்ணாரிக் கோயில் நோம்பிக்குப் போயிட்டு வந்தப்போ கேட்டனுங்க. காப்பிக் கடையில பொட்டி பாடுச்சுங்க. நாங்க வெளிய ரோட்டுல நின்னுட்டிருந்தமுங்க. மொதல்ல எனக்குப் பயமாப் போச்சுதுங்க. என்ற ராகமுங்க. என்ற அழுகைங்க. கொரல் மட்டும் ஆரோ பையன் கொரலுங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பேரு வார எடத்துக்குக் காத்துட்டு நின்னனுங்க. வேற பேரு வந்துதுங்க. கடைக்காரரு மறுக்காவும் வெச்சாரு. மறுக்காவும் அந்தப் பேருதானுங்க வந்துது. எம்புள்ள பொட்டப்புள்ளைங்க சாமி. அவ பேரு எங்கீங்க போச்சு?"

என் வாயில் பதில் இருந்தது. நாடகத்தில் அது ராஜகுமாரன், கதைக்குத் தகுந்தபடி மாற்றுவது எங்கள் தொழில், எல்லா வாத்தியார்களும் செய்வதுதான். கையிலிருந்த பென்சிலை மடியில் செருகிக்கொண்டேன்.

"சரிங்க" என்றாள். "பேராச்சும் நெனப்பு இருக்குதுங்களா? அன்னைக்கு அத்தன வாட்டி கூப்பிட்டனுங்களே. நீங்களும் இங்க நின்னு கேட்டுட்டுத்தான இருந்தீங்க?"

யோசித்தேன். அவள் குரல் ஞாபகம் இருந்தது. எந்த ஸ்வரத்தில் அந்தப் பெயரை இழுத்தாள், எங்கே தொண்டை உடைந்தது, எந்த இடத்தில் மூச்சு விட்டாள் எல்லாம் ஞாபகம் இருந்தது. அதையெல்லாம் பத்துப் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் என் காதில் விழுந்தது 'சந்திரசேனா' மட்டும்தான்.

"உனக்குப் புள்ள ஒண்ணு இருந்துதா?" என்று கவுண்டர் ஆச்சரியமாகக் கேட்டார். பிறந்தது முதல் அவர் தோட்டத்திலேயே வேலை செய்கிறவள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பெயரைச் சொல்லுங்கள்" என்றேன். அவளிடம் நான் மரியாதையாகப் பேசியது அப்போதுதான்.

"இல்லீங்க சாமி. அது ஒண்ணுதானுங்க எங்கிட்ட மிச்சம். சொன்னா அதையும் கொண்டுபோயிருவீங்க." தலைத் துணியை உதறிக் கட்டிக்கொண்டாள். "மஞ்சக் காட்டுல ஆளுக காத்திருப்பாங்க. வாரனுங்க."

"ஏ மாரக்கா, கேக்கறாங்கல்ல, சொல்லீட்டுப் போ" என்று கவுண்டர் கத்தினார். அவள் திரும்பவில்லை. அவர் கூப்பிட்டு அவள் திரும்பாதது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, திகைப்புத்தான் வந்தது. "கழுதைக்குக் கிறுக்குப் புடிச்சுபோச்சுதுங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்று என்னைத் தேற்றினார்.

மத்தியானம் அவர் தோட்டத்தில் கத்தரிக்காயும் தயிருமாக நல்ல சாப்பாடு. மூன்று மணி பஸ்ஸுக்கு அதே டிரைவர். எனக்காகவே அந்தப் பாட்டை வாய்விட்டுப் பாடிக்கொண்டு வந்தார். பெயர் வரும் இடத்தில் ஸ்டியரிங்கை விட்டு ஒரு கையை நீட்டினார். நாற்பத்து மூன்று மைலும் பாடினார். 'நிறுத்துங்கள்' என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம். மண்டபம் நிறைந்து வெளியே மரத்தடியிலும் நின்றார்கள். எந்த ஜாதிக்காரர்கள் உள்ளே, யார் வெளியே என்று இந்தத் தடவை கவனித்தேன். கவனித்து என்ன? இத்தாலியைப் பற்றிப் பேசினேன். கதை நிற்கும், ஒருத்தர் மட்டும் பாடுவார் என்றேன். நாடகமெல்லாம் தொலைந்து ஒரு பெண்ணின் புலம்பல் மட்டும் பிழைத்திருப்பதைச் சொன்னேன். அதைக் கட்டியவருக்கு அழுவதற்குச் சொந்தமாக ஒரு சாவு இருந்தது என்றேன். கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆயிற்று.

அப்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "வாத்தியாருங்களே, உங்க பாட்டுப் பொறந்த கதையையும் சொல்லிப்போடுங்க" என்றார்.

முந்தின நாள் பஸ்ஸில் திரும்பியது முதல் இந்த நிமிஷத்துக்காகத்தான் என்னைத் தயார் செய்துகொண்டிருந்தேன். சொல்லியே தீர்வது என்று ராத்திரி தீர்மானம் பண்ணியிருந்தேன். கவுண்டர் மேடையில் மெடலை வெல்வெட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துச் சிரித்தார். கூட்டம் மூச்சுவிடாமல் இருந்தது. அவ்வளவு நல்ல நிசப்தம் ஒரு நாடகக்காரனுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும்.

சமயபுரத்தாள் கனவில் வந்ததைச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கவுண்டருக்காவது சந்தேகம் வந்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். மாரக்காள் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்தது. மனசில் ஒன்றும் விழவில்லை. மெடலைக் குத்தும்போது ஊசி சட்டையைத் தாண்டிக் கொஞ்சம் தோலிலும் பட்டது. இதைத் தண்டனை என்று யாராவது எடுத்துக்கொண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அது ஊசி, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை வண்டிக்குக் கவுண்டர் பெட்டி நிறையப் பழமும் வெண்ணெயும் கொடுத்து, இரண்டு மஞ்சள் கொத்தும் மேலே வைத்து அனுப்பினார். "மறுக்கா வாரப்ப ஒரு வாரம் தங்கறாப்பல வாங்க" என்றார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஈரோட்டில் வண்டி மாறும்போது மஞ்சளை ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. கோயமுத்தூர் எப்படி என்று கேட்கிறவர்களுக்குத் தண்ணீர் தித்திப்பு, ஜனங்கள் மரியாதை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே காலையில் எழுந்தது முதல் என் மனைவி, "ஜானகி, ஜானகி" என்று எங்கள் பெண்ணைப் பத்துத் தடவையாவது கூப்பிடுகிறாள். இத்தனை நாளாக அது காதில் விழுந்ததில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் விழுகிறது.

வந்த அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய நோட்டுப் புஸ்தகத்தைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. சொல்லெல்லாம் பென்சில். பெயர் வரும் இடங்களை மட்டும் மையைத் தொட்டு அடித்திருக்கிறேன். ஏன் என்று ஞாபகம் வந்தது. பையன்கள் பார்த்துப் படிக்கும்போது தவறிப்போய்ப் பழைய பெயரைப் பாடிவிடக் கூடாது அல்லவா?

பதினாலு இடம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். எங்காவது ஒரு இடத்தில் கை தவறி ஓர் எழுத்தாவது மிஞ்சியிருக்கும் என்று தினமும் பார்க்கிறேன். இல்லை. வேலையில் நான் சுத்தக்காரன்.